கட்டில் இல்லாத அறை

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்தி ஓய்ந்தவளிடம் என்ன பெரிய உபதேசம் இருந்துவிடப் போகிறது? டிக்கெட் போடுவதும் விசா வேலையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்கள் கட்டைவிரலாலேயே உலகத்தைச் சுற்றி வந்துவிடுகிறீர்கள். அதனால் அந்தப் பக்கம் நான் வரவில்லை. வெளியூரில் ஒருவரை எங்கே தங்க வைப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே சொந்தமாகக் கடை போடுவதற்கு முன் பல வருஷம் மெட்ராஸில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். தினமும் காலை ரயிலில் போய் இருட்டின பிறகு திரும்புவேன். எங்கள் முதலாளி, ஓட்டல் கேட்டு யார் வந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்பார். எத்தனை நாள், எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பதெல்லாம் பிறகுதான். "அங்க உங்களத் தேடிக்கினு யாரு வருவாங்க?" என்பார். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். இந்த மனுஷனுக்கு எதற்கு ஊர்வம்பு என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

ஒருமுறை அவர் ஊரில் இல்லாத நேரத்தில், பம்பாய்க்கு வைத்தியத்துக்குப் போன ஒரு குடும்பத்துக்கு எங்கள் ஆபீஸில் இன்னொருவர் பளபளவென்று ஒரு ஓட்டலைப் பிடித்துக் கொடுத்தார். ஏசி, லிஃப்ட், வாசலில் சல்யூட் அடிக்க ஆள், எல்லாம் இருந்தது. ஆனால் அங்கே குடியேறியிருந்த நம் ஊர்க்காரர்கள் ரசஞ்சாதம் கொண்டுவந்தபோது, அவர்களை மாடிக்கு விடவில்லை. நோயாளி கீழே இறங்கி வந்து ஓட்டல் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். முதலாளி அதைக் கேள்விப்பட்டு யாரையும் திட்டவில்லை. "ஊரப் பாக்கப் போறவனுக்கு ஒரு ஓட்டல். மனுசனப் பாக்கப் போறவனுக்கு வேற ஓட்டல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அந்த வெற்றிலை வாசனை இப்போதும் எனக்கு நினைவில் இருக்கிறது.

தணிகாசலத்தின் கதைக்கு வருகிறேன். நான் கடையை உங்களிடம் கொடுப்பதற்கு முன் போட்ட கடைசிப் பெரிய பயணம் அவருடையதுதான்.

தணிகாசலம் பொதட்டூர்பேட்டைக்காரர். சின்ன வயதிலேயே குழித்தறியில் உட்கார்ந்தவர். தரையில் குழி வெட்டி, காலை உள்ளே விட்டு மிதிக்கிற தறி அது. பிறகு வீட்டிலேயே பவர்லூம் போட்டு, லுங்கி நெய்து, மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்து, இளையவள் மஞ்சுளாவை இன்ஜினியரிங் படிக்கவைத்தார். அவள் வேலைக்கு டோக்கியோ போனாள். போன இடத்தில் கூட வேலை பார்க்கும் கென்ஜி என்கிற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அப்பாவிடம் மறைக்காமல் சொல்லியும் விட்டாள்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனைவி சரோஜாவோடு என் கடைக்கு வந்தார். "நேர்ல போய் பாக்கறோம்க்கா. மனசு ஒத்துகினா அங்கயே தட்டு மாத்திக்கறோம். இல்லன்னா பொண்ணக் கூட்டிகினு வந்துடறோம்" என்றார். அன்றைக்கே மஞ்சுளாவும் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அத்த, நைனா வேணாம்னா நானும் வேணாம்னு உட்டுடுவேன். அவர எதுத்துகினு பண்ணிக்க எனக்குத் தெம்பு இல்ல. எங்க தங்கவெக்கறதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். அவருக்கு மனசு கோணக் கூடாது."

ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தூக்கி ஓட்டல் புக்கிங்கில் வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயந்தான் வந்தது.

தணிகாசலம் கேட்டது ஒன்றே ஒன்று. "பெரிய ஓட்டலா போடுங்க. மேல் மாடியா இருக்கணும். அவங்க வந்து பாத்தா நம்மள எளப்பமா நெனைக்கக் கூடாது."

நான் முதலாளியின் கேள்வியைக் கேட்டேன். யார் தேடிக்கொண்டு வருவார்கள்? பையனின் அப்பா அம்மா வருவார்கள். ஒத்துவந்தால் தாம்பூலத் தட்டு வைக்க வேண்டும். சரி. அவ்வளவு பெரிய பட்டணத்தில் வானத்தைத் தொடுகிற ஓட்டல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அறைகளின் படங்களைப் பார்த்தேன். இரண்டு கட்டில் போட்டு, பெட்டியைத் திறந்துவைத்தால் கால் வைக்க இடமில்லை. சம்பந்தியைக் கட்டில் மேலா உட்கார வைப்பது? இல்லையென்றால் கீழே வரவேற்பறையில், போகிறவன் வருகிறவன் நடுவில் தட்டை நீட்ட வேண்டும். பெண்ணைப் பெற்றவர் வாயில் அங்கே நல்ல வார்த்தை வருமா?

இன்னொன்றையும் நான் கவனித்திருந்தேன். தணிகாசலத்தால் சம்மணம் போட முடியாது. பாதி வாழ்க்கை குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த முழங்கால் அது, மடங்க மறுக்கும். பந்தியில் இலை போட்டால் ஓரமாகப் பெஞ்சு கேட்பார். என் கடையிலும் மேசைக்கு அடியில் காலை நீட்டி, பாதத்தை மெதுவாக மிதித்துக்கொண்டேதான் பேசுவார்.

அதனால் ஜப்பானியப் பாணியில் ஒரு விடுதி பார்த்தேன். பட்டணத்துக்கு நடுவில், ஒரு சந்துக்குள், பழைய குடும்பம் நடத்துகிற இடம். தரை முழுக்கப் பாய் பதித்திருக்கும். பகலில் அது கூடம், படுக்கையெல்லாம் அலமாரிக்குள் போய்விடும். இரவில் மெத்தையை எடுத்து விரித்தால் அதுவே படுக்கையறை. தறி வீடுகளில் நாம் பாயைச் சுருட்டி வைப்பதில்லையா, அதே கணக்கு. நடுவில் தாழ்வான ஒரு மேசை உள்ள அறையாகக் கேட்டு வாங்கினேன். அந்த மேசையை ஏன் கேட்டேன் என்பது பின்னால் தெரியும்.

கட்டில் இருக்காது, மெத்தையைக் கீழேதான் விரிப்பார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவரும் தலையை ஆட்டினார். தலை ஆட்டியதெல்லாம் காதில் விழுந்ததென்று நினைத்தால் இந்தத் தொழிலில் நீங்கள் ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டீர்கள். அவர் மனசு அப்போதே மகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

தை பிறந்ததும் கிளம்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த நாள், இங்கே டீ நேரம், அங்கே பொழுது சாய்ந்திருக்கும். ஃபோன் வந்தது.

"அக்கா, தணிகாசலம் பேசறேன்."

"சொல்லுங்க தம்பி. நல்லபடியா போய்ச் சேந்தீங்களா?"

"சேந்தோம். ரூமுல கட்டில் இல்ல."

குரலில் சத்தமே இல்லை. சத்தம் போடுகிற கஸ்டமரைச் சமாளித்துவிடலாம். இப்படித் தணிந்து பேசுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"வெறும் பாயி. நடுவுல முக்காலி மாதிரி ஒரு மேச. அவ்ளோதான். நான் இன்னா வழிப்போக்கனாக்கா? பெரிய மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்தப்ப, பக்கத்து வூட்டுக் கட்டில தலமேல தூக்கியாந்து போட்டவன் நானு. நாளைக்குக் காலைல அவங்க வராங்க. பொண்ணப் பெத்தவன் தரையில கெடக்கறான்னுதானே நெனைப்பாங்க?"

நம் பக்கத்து நெசவு வீடுகளைத் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கூடத்தைத் தறி அடைத்துக்கொள்ளும். வீட்டு ஆட்கள் தறிக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டுப் படுப்பார்கள். அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் சம்பந்தி வந்தால் கட்டில் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் கடன் வாங்கியாவது போட வேண்டும். அங்கே கட்டில் என்பது படுப்பதற்கு இல்லை, மரியாதைக்கு. வாழ்நாளெல்லாம் பாயில் படுத்தவருக்குத்தான் கட்டில் இல்லாதது அவ்வளவு உறைத்தது.

"அது மட்டும் இல்லக்கா. வெளிய போய் நிக்கலாம்னு வாசலுக்கு வந்தேன். நாங்க கழட்டி உட்ட செருப்ப எடுத்து தெருவப் பாத்து திருப்பி வெச்சிருக்காங்க. வந்தவன போடான்னு சொல்றதுக்கு இத உட வேற இன்னா வேணும்?"

எனக்குக் காரணம் தெரியும். அங்கே விருந்தாளியின் செருப்பை வெளியே பார்த்துத் திருப்பி வைப்பது உபசாரம். கிளம்பும்போது குனிந்து தடுமாறாமல் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம் என்று செய்வது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களைத்துப்போய், மனசு நொந்து நிற்கிறவரிடம் அந்த ஊர் நியாயத்தைப் பேசினால், நீயும் அவர்கள் கட்சியா என்றுதான் நினைப்பார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மஞ்சுளாவின் அழைப்பு வந்தது. அவரைக் கொஞ்சம் நிறுத்திவைத்து அவளிடம் பேசினேன்.

"அத்த, நைனா பொட்டியத் தொறக்கவே இல்ல. கெளம்பலாம்னு சொல்லிகினு இருக்காரு. வேற ஓட்டல் மாத்திடுங்க அத்த" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மாற்றுவது கஷ்டமே இல்லை. பக்கத்திலேயே ஒரு பெரிய ஓட்டலில் இடம் இருந்தது, திரையில் தெரிந்தது. அழுத்தினால் முடிந்தது. உங்களில் முக்கால்வாசிப் பேர் அழுத்தியிருப்பீர்கள், எனக்கும் கை போனது. ஆனால் மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். "என்னைத் தரையில் போட்டார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன்" என்பதுதான் அந்தச் சம்பந்தத்தின் முதல் பேச்சாக இருக்கும். மறுநாள் யார் என்ன பேசினாலும் அது அழியாது. மாற்றாமல் விட்டாலோ, மனுஷன் விமானம் ஏறிவிடுவார். இரண்டு பக்கமும் பள்ளம்.

மறுபடி அவரிடம் பேசினேன். "தம்பி, பெரிய ஓட்டல்ல ரூம் இருக்குது. நீங்க ஆங்னு ஒரு வார்த்த சொன்னா மாத்திடறேன். அதுக்கு முன்ன எனக்காக ஒண்ணு பண்ணுங்க. குளிர்ல நிக்காதீங்க. உள்ள போய் அந்த மேசகிட்ட குந்துங்க. மேசையச் சுத்தி கனமா துணி தொங்கும். அதத் தூக்கிட்டு கால உள்ள உடுங்க. சரோஜா கையால ஒரு டீ குடிங்க. அப்புறம் சொல்லுங்க."

"குந்தறதுக்கு எனக்கு முட்டி மடங்காதுக்கா."

"மடக்க வேணாம். கால உடுங்க."

ஃபோனை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வாசலில் மலைக்குப் போகிற பஸ் போனது, ரயிலிறங்கிய காவடிக் கூட்டம் ஒன்று மலைக்கு வழி கேட்டுவிட்டுப் போனது. என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கந்தனைக் கூப்பிடலாம் என்றால், அவனுடைய மலையடியிலேயே உட்கார்ந்துகொண்டு ஓட்டல் விஷயத்துக்கெல்லாம் கூப்பிடுவதற்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கூப்பிட்டேன்.

சரோஜாதான் பேசினாள். "அக்கா, இவரு எழுந்திருக்க மாட்டேன்றாரு."

"இன்னாம்மா ஆச்சு?"

"மேசைக்குக் கீழ குழி இருக்குதுக்கா. நம்ம தறிக்குழி மாதிரியே. கால உட்டாரு, அடியில ஹீட்டரு வெச்சிருக்காங்க போல, உள்ள கதகதன்னு இருக்குது. அப்படியே குந்திகினாரு. பலகையத் தடவிகினே இருக்காரு. டீ ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிட்டாரு."

அவரே ஃபோனை வாங்கினார். "அக்கா, இது கட்டுனவன் தறி நெய்றவனா?"

"தெரியலியே தம்பி. ஏன்?"

"ஆழம் அளவெடுத்த மாதிரி இருக்குது. பவர்லூம் வந்தப்புறம் இப்படிக் குந்தி எத்தினியோ வருசம் ஆச்சு. முட்டி வலிக்கல."

"ரூம் மாத்தட்டுமா?"

"காலைல பாத்துக்கலாம்."

அப்போதுதான் செருப்பின் காரணத்தைச் சொன்னேன். "ஓ" என்றார். அதன்பிறகு விடுதிக்கார அம்மாள் வந்து மெத்தை விரித்தாளாம். சரோஜா சும்மா இருக்காமல் தலையணையை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டாளாம். அந்த அம்மாள் பதறிப்போய் அதைத் திரும்ப எடுத்து மாற்றி வைத்தாளாம். மஞ்சுளாவிடம் கேட்டால், அது வடக்கு, வடக்கே தலைவைத்து இந்த ஊரிலும் படுக்க மாட்டார்கள் என்றிருக்கிறாள். சரோஜா இதை என்னிடம் சொல்லும்போது, தன் சித்தியை வெளிநாட்டில் கண்டுபிடித்தவள் மாதிரி சந்தோஷப்பட்டாள்.

காலையில் நடந்ததை ஊருக்கு வந்த பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒத்துப்போகிற அளவில் சொல்கிறேன்.

கென்ஜியும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். அப்பா அதிகம் பேசாத, ஒல்லியான மனுஷர். அந்தப் பாணி அறைகளில் சுவரில் மாடம் மாதிரி ஓர் இடம் விட்டு, ஒரு படமும் ஒற்றைப் பூவும் வைத்திருப்பார்கள். அதன் முன்னால்தான் பெரியவருக்கு இடம். கென்ஜியின் அப்பா கையை நீட்டி, தணிகாசலத்தை அங்கே உட்காரச் சொன்னார். மஞ்சுளா விஷயத்தை விளக்கினாள்.

தணிகாசலம் இரண்டடி பின்னால் போனார். "அது எப்படி? மாப்பிள்ள வூட்டுக்காரரு கீழ குந்தி நான் மேல குந்தறதா? எங்க வழக்கம் அது இல்ல. அவர ஒக்காரச் சொல்லு."

அவர் மாட்டேன் என்று குனிந்தார். இவர் மாட்டேன் என்று கையைக் கூப்பினார். அவர் கதவோரமே போய் மண்டியிட்டார். இவர் அவருக்கும் பின்னால் போய் நிற்கப் பார்த்தார், பின்னால் சுவர் இருந்தது. நேற்று மரியாதை இல்லை என்று கிளம்பப் பார்த்தவர், இன்றைக்கு மரியாதை அதிகம் என்று சண்டை போடுகிறார். இரண்டு பெண்மணிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மஞ்சுளா இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கினாளாம்.

கடைசியில் தணிகாசலம் பெட்டியைத் திறந்தார். மடித்த வேட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோயிருந்த தணிகைமலை முருகன் படத்தை எடுத்து, அந்தப் பெரியவர் இடத்தில் சாய்த்து வைத்தார். "இவரு குந்தட்டும். நாம ரெண்டு பேரும் இந்தப் பக்கம்" என்றார். மஞ்சுளா அதைச் சொல்வதற்கு முன்பே கென்ஜியின் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. படத்தைப் பார்த்து நன்றாகக் குனிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எல்லோரும் குழிக்குள் கால் விட்டார்கள். உள்ளே தணிகாசலத்தின் பாதம் கென்ஜியின் அப்பா பாதத்தின் மேல் பட்டுவிட்டது. தணிகாசலம் வழக்கப்படி சட்டென்று குனிந்து, மேசைத் துணிக்குள் கையை விட்டு, பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கென்ஜியின் அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவரும் கையை உள்ளே விட்டு, இவர் பாதத்தைத் தொட்டு, இவர் செய்தது மாதிரியே கண்ணில் வைத்துக்கொண்டார். அது என்ன, எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தணிகாசலம் மனைவி பக்கம் திரும்பினார். "சரோஜா, தட்ட எடு" என்றார்.

மஞ்சுளா அதை மொழிபெயர்க்கவே இல்லையாம், அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

இதைக் கேட்டபோது என் முதலாளியை நினைத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன். இத்தனைக்கும் நான் ஜப்பானைப் பார்த்ததே இல்லை, இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த அறையில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததாகத்தான் இன்றைக்கும் தோன்றுகிறது. நீங்கள் திரையில் நட்சத்திரத்தை எண்ணும்போது கொஞ்சம் அந்த மூலையையும் யோசித்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்தது அந்த மாதிரி மூலைகள்தாம். அதை விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பது சில நாள் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

வைகாசியில் கல்யாணத்தை மலைமேல் வைத்தார்கள். அதற்கு முன் தணிகாசலம் கடைக்கு வந்தார். "அக்கா, அவங்க வராங்க. திருத்தணில எந்த ஓட்டல்ல போடலாம்?"

"அவங்களத் தேடிக்கினு யாரு வருவாங்க தம்பி?"

"பொதட்டூர்பேட்டையே வரும்."

"அப்ப எந்த ஓட்டல் தாங்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "வூட்லதான் வெச்சிக்கப் போறேன். தறிய நிறுத்திட்டு கூடத்த ஒழிச்சிட்டேன். பக்கத்து வூட்டுக் கட்டிலுக்கும் சொல்லியாச்சு. நம்ம மரியாதைய நாம செய்யணும் இல்ல?"

அவர்கள் வந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். தெருவே வாசலில் கூடியிருந்தது. ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். கென்ஜியின் அப்பா அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறிப் போனார்கள். கூட்டமும் அவர்கள் பின்னால் உள்ளே போனது. தணிகாசலம் மட்டும் போகவில்லை. மடங்காத முழங்காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தச் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

அவருடைய பாவா, சரோஜாவின் அண்ணன், பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தணிகாசலம், சம்பந்தி செருப்ப நீ போய் தொடற? அதுவும் தெருவப் பாத்து வெக்கற. வந்ததும் வராததுமா போகச் சொல்றியா?"

தணிகாசலம் சுவரைப் பிடித்து மெதுவாக நிமிர்ந்தார். "இல்ல பாவா. அவங்க வூட்ல எம்பொண்ணு செருப்பும் தெனம் இப்படித்தான் இருக்குமாம். எப்ப வேணா மாட்டிகினு நம்ம வூட்டுக்குக் கெளம்பலாம்."

வாசற்படியில் மஞ்சுளா அதைக் கேட்டபடி நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.